பூத்ததெல்லாம் ஏன் மணியாவதில்லை? எண்ணெய் வித்துப் பயிர்களில் மகரந்தச் சேர்க்கை

சூரியகாந்தி அறுவடை நேரத்தில் ஒரு கொண்டையை எடுத்து விதைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரத்து விதைகள் கெட்டியாக இருக்கும். நடுவுக்குப் போகப் போக சில விதைகள் அமுங்கும். அவற்றை நகத்தால் பிளந்தால் உள்ளே பருப்பு இருக்காது, வெறும் தோல்தான். இதைத்தான் பொக்கு என்கிறோம். கண்ணால் பார்த்தால் நல்ல விதைக்கும் பொக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எடை போடும்போது தெரிந்துவிடும்.

பொக்கு விழுந்தால் பலரும் முதலில் உரத்தைச் சந்தேகிப்பார்கள். அப்புறம் தண்ணீரை, அப்புறம் விதையை. மூன்றுமே காரணமாக இருக்கலாம். ஆனால் பூவுக்கு மகரந்தம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, பல வயல்களில் வருவதே இல்லை. எண்ணெய் வித்துப் பயிர்களில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கரும்பில் தண்டை விற்கிறோம், மரவள்ளியில் கிழங்கை விற்கிறோம். அவை பூக்காவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. எண்ணெய் வித்தில் விற்பது விதையையோ கனியையோதான், அதற்குள்தான் எண்ணெய் இருக்கிறது. அது உருவாக மகரந்தம் வேண்டும். எந்தப் பயிருக்கு யார் மகரந்தம் கொண்டுவருகிறார்கள், அது யாருடைய மகரந்தம் என்பதைப் பொறுத்து விளைச்சல் மாறும். சில பயிர்களில் எண்ணெயின் தரமே மாறும்.

பூவுக்குள் நடப்பது

பூவில் ஆண் பாகம் மகரந்தப்பை. அதிலிருந்து வரும் பொடிதான் மகரந்தம். பெண் பாகம் சூலகம். சூலகத்தின் உச்சியில் இருக்கும் பிசுபிசுப்பான முனை சூல்முடி, அடியில் இருப்பவை சூல்கள். மகரந்தத் துகள் சூல்முடியில் விழுந்து, ஈரம் பட்டு முளைத்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே இறக்குகிறது. அந்தக் குழாய் சூலைத் தொட்டுக் கருவுறச் செய்தால் சூல் விதையாகும், சூலகம் கனியாகும்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சூலுக்கு ஒரு மகரந்தத் துகள். ஆமணக்குக் காயில் மூன்று அறைகள், மூன்று விதைகள். மூன்றும் நிறைய வேண்டுமானால் குறைந்தது மூன்று துகள்கள் உள்ளே போக வேண்டும். எள்ளுக் காயில் பல பத்து விதைகள் உண்டு. அத்தனைக்கும் தனித்தனித் துகள் தேவை. தேங்காயில் மூன்று கண் இருக்கிறதே, அது மூன்று அறைச் சூலகத்தின் அடையாளம். மூன்றில் ஒன்றுதான் வழக்கமாக வளர்ந்து பருப்பாகிறது. முளை வெளியே வருவதும் அந்த ஒரு மெல்லிய கண் வழியாகத்தான்.

காய் பிடிப்பதும் மணி பிடிப்பதும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூரியகாந்தி விதை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு முழுக் கனி. கறுப்புத் தோல் கனியின் சுவர், உள்ளிருக்கும் பருப்புதான் விதை. கருவுறாத பூவிலும் அந்தச் சுவர் வளர்ந்துவிடும், பருப்பு மட்டும் வராது. பொக்கு பார்ப்பதற்கு நல்ல விதை போலவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

யாருடைய மகரந்தம், யார் கொண்டுவருவது

ஒரு பூவின் மகரந்தம் அதே பூவிலோ அதே செடியின் வேறொரு பூவிலோ விழுந்தால் அது தன் மகரந்தச் சேர்க்கை. வேறொரு செடியிலிருந்து வந்தால் அயல் மகரந்தச் சேர்க்கை. இரண்டாவது வகைக்கு ஆள் வேண்டும்: காற்று, தேனீ, வண்டு, இல்லாவிட்டால் மனிதன்.

நிலக்கடலையும் எள்ளும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆமணக்குக்குக் காற்று போதும். சூரியகாந்திக்கும் பேயெள்ளுக்கும் தேனீ இல்லாமல் முழு விளைச்சல் வராது. தென்னைக்குத் தேனீயும் காற்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. எண்ணெய்ப் பனைக்கு ஒரு சிறு கூன்வண்டு. கடுகு இனத்தில் இரண்டும் உண்டு. வீட்டுத் தாளிப்புக்கு வரும் கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய்க்கும். அதன் உறவுப் பயிரான தோரியா வட இந்தியாவில் பயிராகிறது. அது தன் மகரந்தத்தையே ஏற்காது.

ஏற்காது என்றால்? சில செடிகளின் சூல்முடி, தன் மேல் விழும் மகரந்தம் தன்னுடையதா என்று கண்டறிந்து, தன்னுடையது என்றால் குழாய் இறங்க விடாமல் தடுத்துவிடும். நெருங்கிய உறவில் விதை உருவாகி அடுத்த தலைமுறை நலிவதைத் தவிர்க்கச் செடி வைத்திருக்கும் தடுப்பு அது. செடிக்கு அது நல்லதுதான். தேனீ வராத வயலின் சொந்தக்காரருக்குத்தான் சிரமம்.

சூரியகாந்தியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

சூரியகாந்தியில் நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டம். பெரிய கொண்டையில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். ஓரத்தில் விரிந்திருக்கும் மஞ்சள் இதழ்கள் மலட்டுப் பூக்கள்; பூச்சியை அழைப்பது மட்டுமே அவற்றின் வேலை. விதையாவது நடுவட்டத்தில் நெருக்கமாக நிற்கும் சிறு குழல் பூக்கள்.

இவை ஒரே நாளில் விரிவதில்லை. முதலில் வெளி வரிசை, மறுநாள் அதற்கு உள்ளே சில வரிசைகள் என்று ஓரத்திலிருந்து நடுவுக்கு நகரும். ஒரு கொண்டை முழுதும் பூத்து முடிய 5 முதல் 10 நாட்கள் ஆகும். பூத்துக்கொண்டிருக்கும் கொண்டையை உற்றுப் பார்த்தால் மூன்று வளையங்கள் தெரியும். வெளியே வாடிப்போனவை, நடுவே மொட்டுகள், இடையில் இன்று விரிந்தவை.

ஒவ்வொரு சிறு பூவும் இரண்டு கட்டங்களாக வேலை செய்கிறது. விரிந்த முதல் நாள் காலையில் அது ஆண் பூ. மகரந்தப்பைகள் சேர்ந்து ஒரு குழலாக நிற்கும். சூல்முடியைத் தாங்கி உள்ளிருந்து மேலே ஏறும் சூல்தண்டு, மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே கொட்டும். மறுநாள்தான் சூல்முடி இரண்டு கிளையாகப் பிரிந்து மகரந்தத்தை வாங்கத் தயாராகும். ஆக, ஒரு பூ மகரந்தம் தரும் நாளில் அதை வாங்கும் நிலையில் இல்லை. அன்றைக்கு வாங்குவது, நேற்று விரிந்த வெளி வரிசைப் பூவோ பக்கத்துச் செடியின் பூவோதான்.

இரண்டு மூன்று நாள் காத்திருந்தும் யாரும் வரவில்லை என்றால் சூல்முடியின் கிளைகள் கீழ்நோக்கிச் சுருண்டு, தன் தண்டில் ஒட்டியிருக்கும் சொந்த மகரந்தத்தைத் தொடும். தன் மகரந்தத்தை ஏற்கும் ரகமாக இருந்தால் இப்படியாவது மணி பிடிக்கும். பழைய ரகங்களில் பெரும்பாலானவை ஏற்காது. இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து உருவாக்கும் இன்றைய வீரிய ஒட்டு ரகங்கள் ஓரளவு ஏற்கும். ஆனாலும் தேனீ வந்துபோன வயலில் அந்த ரகங்களுக்கே கூடுதலாக மணி பிடிக்கிறது.

காற்று உதவாதா? சூரியகாந்தி மகரந்தம் பிசுபிசுப்பானது, மேலெல்லாம் சிறு முள் உண்டு. பூச்சியின் ரோமத்தில் ஒட்டிக்கொள்ள ஏற்றது, காற்றில் பறக்க ஏற்றதல்ல. அதனால் காற்று நன்றாக வீசுகிறதே என்று இருந்துவிடக் கூடாது.

தேனீ போதாத இடத்தில் என்ன செய்வது? தமிழ்நாட்டில் வேளாண் துறையினர் நெடுநாளாகச் சொல்லிவரும் வழி ஒன்று உண்டு. கையில் மெல்லிய மல் துணியைச் சுற்றிக்கொண்டு, காலை 9 முதல் 11 மணிக்குள் ஒவ்வொரு கொண்டையையும் மெதுவாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். துணியில் ஒட்டும் மகரந்தம் அடுத்த கொண்டைக்குப் போய்விடும். துணி இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் கொண்டைகளை முகத்தோடு முகம் வைத்து லேசாகத் தேய்க்கலாம். ஒருநாள் செய்துவிட்டு விட்டால் போதாது. பூ வரிசை வரிசையாகத்தானே விரிகிறது? ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்தாறு முறையாவது செய்ய வேண்டும். ஒரே ஒருமுறை தேய்த்துவிட்டு "பலனில்லை" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தேய்த்த அன்று விரிந்திருந்தது ஒரு வளையம் மட்டும்தான்.

காலை நேரம் ஏன்? மகரந்தம் புதிதாக வெளிவருவது அப்போதுதான். அதற்கு முன் பனி ஈரத்தில் மகரந்தம் கட்டியாகிவிடும். வெயில் ஏறிய பிறகு காய்ந்து வீரியம் குறையும்.

ஆனால் ஏக்கர் கணக்கில் ஆள் வைத்துத் தேய்ப்பது இன்றைய கூலியில் கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. தேனீப் பெட்டி வைத்தால் ஹெக்டேருக்கு 5 பெட்டி என்பது வழக்கமான பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு 2. இயற்கையாகவே மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் நிறைய வரும் ஊர்களில் பெட்டி இல்லாமலும் நன்றாக மணி பிடிக்கும். அதனால் பூப்பு நேரத்தில் காலையில் பத்து நிமிடம் வயலில் நின்று கொண்டைகளில் தேனீ இருக்கிறதா என்று பாருங்கள். எதற்கு எவ்வளவு செலவு செய்வது என்று அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.

இன்னொன்று, போரான் சத்து. மகரந்தக் குழாய் வளர அது தேவை. மஞ்சள் இதழ் விரியும் பருவத்தில் லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போரான் உள்ள வெண்காரத்தைக் கரைத்துக் கொண்டையில் தெளிக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் மகரந்தமே வந்து விழாத பூவுக்கு வெண்காரம் எதுவும் செய்யாது.

ஆய்வாளர்கள் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்

ஒரு பயிருக்கு எந்த வகை மகரந்தச் சேர்க்கை முக்கியம் என்று கண்டறியும் வழி நேர்த்தியானது, ஆனால் எளிது. பூப்பதற்கு முன்பே செடிகளை நான்கு குழுவாகப் பிரிக்கிறார்கள். முதல் குழுவின் மொட்டுகளைக் காகிதப் பையால் மூடிவிடுவார்கள். காற்றும் போகாது, பூச்சியும் போகாது. இரண்டாவது குழுவுக்குச் சன்ன வலைப் பை; காற்று வழியாக மகரந்தம் வரும், தேனீ வராது. மூன்றாவது குழு திறந்தே இருக்கும். நான்காவதில் வேறு செடியின் மகரந்தத்தைக் கையாலேயே தூவுவார்கள். காய் முற்றியபின் காய் பிடிப்பு, காய்க்கு எத்தனை விதை, நூறு விதையின் எடை, எண்ணெய்ச் சதவீதம் எல்லாவற்றையும் அளப்பார்கள்.

அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். காகிதப் பைக்குள்ளேயே நன்றாகக் காய்த்தால் அது தன்னிறைவான பயிர். காகிதப் பையில் குறைந்து வலைப் பையில் கூடினால் காற்று வேலை செய்கிறது. இரண்டிலும் குறைந்து திறந்த செடியில் கூடினால் பூச்சி வேலை செய்கிறது. திறந்ததைவிடக் கையால் தூவியதில் விதை அதிகம் என்றால் அந்த வயலில் மகரந்தப் பற்றாக்குறை இருக்கிறது. பூச்சி வருகிறது, ஆனால் போதவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரு செடியில் நாலு பூவுக்கு மட்டும் கையால் தூவி, அவை நன்றாகக் காய்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது. செடி தன்னிடம் இருக்கும் உணவை அந்த நாலு காய்க்கே தள்ளி, மற்றவற்றை உதிர்த்திருக்கலாம். முழுச் செடியின் மகசூலை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். மகரந்தம் எவ்வளவு வந்தாலும், செடியால் ஊட்டி வளர்க்க முடிந்த அளவுதான் காய் நிற்கும்.

நிலக்கடலை, எள்: வெளி ஆள் அதிகம் தேவைப்படாதவை

நிலக்கடலைப் பூ விடிகாலையில் விரிந்து உச்சிக்குள் வாடிவிடும். விரியும் முன்பே, மூடிய இதழுக்குள் மகரந்தம் கொட்டிச் சேர்க்கை முடிந்திருக்கும். அதனால் கடலைக் காட்டில் தேனீப் பெட்டி வைத்தாலும் மகசூல் பெரிதாக உயராது. கடலையில் பொக்கு வந்தால் மகரந்தத்தைத் தேடிப் பயனில்லை. கருவுற்ற பூவின் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய், இருட்டில்தான் காயாகப் பருக்கும். செடியின் உச்சியில் பூத்த பூக்களின் விழுது மண்ணை எட்டாமலே காய்ந்துவிடும். மண்ணுக்குள் போன காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்றால் ஓடு வளரும், பருப்பு நிறையாது. 40 முதல் 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

சூரியகாந்திப் பொக்கும் கடலைப் பொக்கும் பார்வைக்கு ஒன்று, காரணம் முற்றிலும் வேறு. பயிரின் பூவைப் புரிந்துகொள்ளாமல் மருந்து தேடினால் பணம்தான் வீணாகும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எள் கொஞ்சம் இடைப்பட்டது. மணி போலத் தொங்கும் அதன் பூ விடியும்போது விரியும், அந்த நேரத்திலேயே உள்ளே மகரந்தம் கொட்டித் தானாகச் சேர்ந்துவிடும். பையால் மூடினாலும் காய்க்கும். ஆனால் பூவுக்குள் தேன் உண்டு, தேனீ தலையை நுழைத்துப் போகும்போது பக்கத்துச் செடி மகரந்தமும் வந்து சேர்கிறது. தேனீ நடமாட்டத்தைப் பொறுத்து அயல் சேர்க்கை ஓரிடத்தில் மிகக் குறைவாகவும் இன்னோரிடத்தில் கணிசமாகவும் இருக்கும். எள்ளில் இன்னொரு வசதி: மகரந்தப்பையைத் தாங்கும் மகரந்தத் தாள்கள் இதழ்க் குழலின் உள்சுவரிலேயே ஒட்டியிருக்கும். முந்தின நாள் மாலை மொட்டின் இதழை மெல்ல இழுத்தால் ஆண் பாகம் முழுவதும் கூடவே வந்துவிடும், சூலகம் மட்டும் நிற்கும். புதிய ரகம் உருவாக்குபவர்களுக்கு இது பெரிய உதவி.

தன் மகரந்தத்தில் காய்க்கும் பயிரில் விவசாயிக்கு இன்னொரு நன்மை உண்டு. இந்த வருட விதையை எடுத்து வைத்து அடுத்த வருடம் விதைத்தால் அதே ரகம்தான் வரும். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களும் விருத்தாசலம் நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்களும் வீட்டு விதையாகவே ஊர் ஊராகப் பரவ முடிந்ததற்கு இது முக்கியக் காரணம். வீரிய ஒட்டுச் சூரியகாந்தியில் அப்படி எடுத்து வைக்க முடியாது, வருடா வருடம் புது விதை வாங்க வேண்டும்.

ஆமணக்கு: காற்றின் பயிர்

ஆமணக்கின் பூங்கொத்தில் ஆண் பூக்கள் கீழே, பெண் பூக்கள் மேலே. பெண் பூவைச் சிவந்த சூல்முடி காட்டிக்கொடுத்துவிடும். ஆண் பூவின் மகரந்தப்பைகள் காய்ந்ததும் வெடித்து மகரந்தத்தைத் தெறிக்க வைக்கும், காற்று எடுத்துக்கொண்டு போகும். அதனால் இதில் தேனீயைப் பற்றிய கவலை இல்லை. கவலை எல்லாம் ஒரு கொத்தில் எத்தனை பெண் பூ என்பதில்தான். வெப்பம் கூடினால் ஆண் பூ அதிகமாகும், பெண் பூ குறையும். காய் குறைந்துவிடும்.

கிட்டத்தட்ட பெண் பூ மட்டுமே பூக்கும் ரகம் ஒன்று கிடைத்தபிறகு ஆமணக்கில் வீரிய ஒட்டு விதை தயாரிப்பது எளிதானது. பெண் வரிசைகளுக்கு நடுவே ஆண் வரிசைகளை நட்டால் காற்றே கலப்புச் செய்துவிடும். குஜராத்தில் 1968ல் ஜி.சி.எச். 3 என்ற முதல் வீரிய ஒட்டு ஆமணக்கு இப்படித்தான் வந்தது. இன்று உலக ஆமணக்கு உற்பத்தியில் இந்தியா முதலிடத்தில் இருக்கிறது, அதில் பெரும்பங்கு குஜராத்துடையது. நம் பக்கம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் ஒய்.ஆர்.சி.எச். ரகங்களைத் தந்திருக்கிறது. வீட்டு வரப்பில் நிற்கும் நாலு ஆமணக்குச் செடியின் மகரந்தம்கூட விதை உற்பத்தி வயலுக்குள் காற்றில் வந்து கலந்துவிடும் என்பதால் தனிமைத் தூரம், அதாவது வேறு ஆமணக்கு இல்லாமல் சுற்றிலும் விட வேண்டிய இடைவெளி, இதில் மிக முக்கியம்.

தென்னை: நெட்டையும் குட்டையும்

தென்னம்பாளை வெடித்ததும் வெளியே தெரியும் கதிர்களில் மேலெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண் பூக்கள். அடியில் உருண்டையாக இருக்கும் பெண் பூக்களைத்தான் குரும்பை என்கிறோம். நெட்டை மரத்தில் ஆண் பூக்கள் ஏறக்குறைய மூன்று வாரம் தினமும் விரிந்து உதிர்ந்து, முடிந்த பிறகுதான் குரும்பைகள் மகரந்தம் வாங்கத் தயாராகும். அதற்குள் அந்தப் பாளையின் மகரந்தம் தீர்ந்திருக்கும். அதனால் நெட்டை பெரும்பாலும் வேறு மரத்து மகரந்தத்தில்தான் காய்க்கிறது. குட்டை மரத்தில் இரண்டு கட்டமும் ஒரே காலத்தில் வருவதால் சொந்த மகரந்தமே போதும். நெட்டையில் ஒரு மரத்துப் பிள்ளை இன்னொன்றைப் போல இல்லாததும், குட்டையில் தாயைப் போலவே பிள்ளை வருவதும் இதனால்தான்.

இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி நெட்டையையும் குட்டையையும் கலக்கும் வேலை 1932ல் தொடங்கியது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நீலேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தில் ஜே.எஸ். பட்டேல் செய்த கலப்புதான் உலகின் முதல் ஒட்டுத் தென்னையைத் தந்தது. வேலை சாதாரணமானதல்ல. மரமேறி, பாளை வெடித்தவுடன் ஆண் பூக்கள் அத்தனையையும் விரியும் முன் வெட்டி நீக்க வேண்டும். பாளையைப் பையால் மூட வேண்டும். குரும்பைகள் பக்குவமாகும் நாட்களில் தினமும் ஏறி, முகப்பவுடரில் சேர்க்கும் டால்க் பொடியில் கலந்த மகரந்தத்தைப் பைக்குள் ஊத வேண்டும். அதன் பின் காய் முற்ற ஒரு வருடம். தஞ்சாவூர் மாவட்டம் வேப்பங்குளம் நிலையத்தின் வி.எச்.சி. ரகங்களும் கிழக்குக் கடற்கரை நெட்டையில் மலேயக் குட்டையின் மகரந்தத்தைச் சேர்த்து வந்தவைதான். ஒட்டுத் தென்னங்கன்றின் விலை ஏன் அதிகம் என்று யாராவது கேட்டால், ஒவ்வொரு கன்றுக்கும் பின்னால் ஒருவர் பலமுறை மரமேறியிருக்கிறார் என்று சொல்லலாம்.

எண்ணெய்ப் பனையும் ஒரு கூன்வண்டும்

மகரந்தச் சேர்க்கை விளைச்சலை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள். அங்குள்ள தோட்டங்களில் பல தலைமுறைத் தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஒரே மரம் சில காலம் ஆண் பூங்கொத்துகளையும் சில காலம் பெண் பூங்கொத்துகளையும் மாறி மாறி விடும். ஆகவே மகரந்தம் வேறு மரத்திலிருந்துதான் வர வேண்டும்.

மலேசியாவுக்கு மரம் போனது, அதன் பூச்சி போகவில்லை. குலையில் பாதிக் காய்கள் கருவுறாமல் நின்றன. பல தோட்டங்களில், முக்கியமாக சபா மாநிலத்திலும் இளந்தோட்டங்களிலும், ஆட்களை அனுப்பி மரம் மரமாக மகரந்தம் தூவினார்கள். எண்ணெய்ப் பனை காற்றால் சேர்க்கை பெறும் மரம் என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள்.

பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையது 1970களின் பிற்பகுதியில் கேமரூனுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஆண் பூங்கொத்துகளில் சோம்பு வாசனை வீச, கூன்வண்டுகள் கூட்டம் கூட்டமாக மொய்த்தன. ஆண் பூவைத் தின்று அதிலேயே முட்டையிட்டன. பெண் பூங்கொத்தும் பக்குவமாகும்போது அதே வாசனையைக் கொஞ்ச நேரம் விடுகிறது. ஏமாந்து அங்கே போகும் வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டு வருகிறது. இந்த வண்டு வேறு பயிரைத் தின்னுமா, நோய் கொண்டுவருமா என்று சோதித்தபிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத் தோட்டங்களில் விட்டார்கள். குறுகிய காலத்தில் தீபகற்பம் முழுவதும் பரவியது. காய் பிடிப்பு பாதி அளவிலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் போனது, குலையின் எடை கூடியது. கையால் தூவும் வேலை நின்றுபோனது. 1985ல் இந்த வண்டு கேரளத்துக்கும் கொண்டுவரப்பட்டது.

ஒரு பக்கவிளைவும் தெரிந்தது. ஒவ்வொரு குலையும் கனத்தபோது, மரம் விடும் குலைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. முன்னே சொன்ன உணவுக் கணக்குதான். எனினும் மொத்தத்தில் எண்ணெய் கூடியது. வண்டு வளர்வது வாடிய ஆண் பூங்கொத்தில் என்பதால், ஆண் பூ மிகக் குறைவாக இருக்கும் இளந்தோட்டங்களில் இன்றும் காய் பிடிப்பு தடுமாறுகிறது.

எண்ணெயின் தரம் மாறுமா?

மாறலாம், எண்ணெய் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து. எண்ணெய்ப் பனையின் செந்நிற எண்ணெய் கனியின் சதையில் இருக்கிறது. சதை தாய் மரத்துடையது. அதனால் யார் மகரந்தம் வந்தாலும் அந்த எண்ணெயின் தன்மை மாறாது. ஆனால் கருவுறாத காயில் எண்ணெய் மிகக் குறைவு, கொட்டைப் பருப்பு அறவே இருக்காது.

கடுகு இனத்தில் எண்ணெய் இருப்பது கருவின் விதையிலைகளில். கரு என்பது தாயும் தந்தையும் சேர்ந்தது. கடுகு எண்ணெயில் இருக்கும் எரூசிக் என்ற கொழுப்பு அமிலம் குறைந்த ரகத்தை ஒருவர் பயிரிட, பக்கத்தில் அந்த அமிலம் மிகுந்த ரகம் பூத்தால், அயல் மகரந்தம் விழுந்த விதைகளில் அந்த அறுவடையிலேயே அமிலம் கூடிவிடும். சிறப்பு எண்ணெய்க்காக வளர்க்கும் ரகங்களுக்குத் தனிமைத் தூரம் கேட்பது விதைத் தூய்மைக்காக மட்டுமல்ல.

மணி நன்றாகப் பிடித்த சூரியகாந்தியில் செக்குக்குப் போகும் மூட்டையில் தோலின் பங்கு குறைந்து பருப்பின் பங்கு கூடும். அதே எடை விதையில் கூடுதல் எண்ணெய் வருவது அதனால்தான்.

உங்கள் வயலில் செய்து பார்க்க

சூரியகாந்தியோ எள்ளோ வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செலவில்லாமல் செய்யலாம். ஒரே வளர்ச்சியுள்ள பதினைந்து சூரியகாந்திச் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் இதழ் விரியும் முன் ஐந்து கொண்டைகளைக் கொசுவலைத் துணியால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஐந்தை அப்படியே விடுங்கள். மீதி ஐந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் மல் துணியால் தடவுங்கள். மூன்றுக்கும் வேறு வேறு நிறக் கயிறு கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் அறுவடையில் குழம்பிவிடும். பூப்பு முடிந்ததும் வலையை எடுத்துவிடலாம்.

அறுவடையில் கொண்டைக்கு நூறு விதை எண்ணி எடுத்துப் பொக்கைப் பிரித்து, எடை போடுங்கள். நூறையும் ஒரே இடத்தில் எடுக்காமல் ஓரம், இடை, நடு மூன்றிலிருந்தும் எடுக்க வேண்டும். வலை கட்டியதற்கும் திறந்ததற்கும் உள்ள வித்தியாசம், உங்கள் ஊர்த் தேனீக்கள் உங்களுக்குச் செய்து தரும் வேலை. திறந்ததற்கும் தடவியதற்கும் உள்ள வித்தியாசம், அவை செய்ய முடியாமல் விட்டுப்போனது. இரண்டாவது வித்தியாசம் பெரிதாக இருந்தால் அடுத்த பருவத்தில் பெட்டி வைக்கலாமா, ஆள் வைக்கலாமா என்று கணக்குப் போடுங்கள். சிறிதாக இருந்தால் அந்தச் செலவே வேண்டாம்.

எந்த முடிவு வந்தாலும் பூப்பு நாட்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். தெளித்தே ஆக வேண்டும் என்றால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, மாலையில் தெளியுங்கள். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அவர் அன்று பெட்டியை மூடிவைத்துக்கொள்வார்.